பார்வையற்ற பயணிகளுக்கான பேருந்து வடிவமைப்பு: வண்டிக்குள் அறிவிப்பு இருந்தால் போதுமா?

வினா: தடவரைவாளர்

வணக்கம். நடுத்தர அளவிலான ஒரு நகரப் பேருந்துச் சேவையைப் பார்வையற்றோரும் குறைபார்வை உடையோரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்துவதற்கான வடிவமைப்பு அறிக்கையைத் தயாரிக்கும் குழுவில் பணியாற்றுகிறேன். எங்கள் முதல் வரைவில் இரண்டு ஏற்பாடுகளே முதன்மையாக இடம்பெற்றுள்ளன. ஒவ்வொரு பேருந்திலும் அடுத்த நிறுத்தத்தின் பெயரைத் தானாகச் சொல்லும் ஒலி அறிவிப்பு ஒன்று. பேருந்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதை நிகழ்நேரத்தில் தெரிவிக்கும், திரையில் உள்ளதைக் குரலாகப் படிக்கும் திரைவாசிப்பானுடன் இணங்கி இயங்கும் திறன்பேசிச் செயலி மற்றொன்று.

வரைவைப் படித்துப் பார்த்த பார்வையற்ற பயணி ஒருவர் ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார்: "இது ஏறிவிட்டவருக்கான திட்டம், ஏற வேண்டியவருக்கு இதில் என்ன இருக்கிறது?" செயலி அதற்குத்தானே இருக்கிறது என்று குழுவில் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை.

ஆகவே அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். பயணத்தின் எந்தப் பகுதியில் வடிவமைப்பு அதிகம் உழைக்க வேண்டும்? தட எண்ணை வெளியே சொல்லும் ஒலிபெருக்கி, பயணியின் கையில் தரும் தனிக்கருவி, செயலி ஆகிய மூன்றில் எதை அடித்தளமாகக் கொள்வது? மின்சாரப் பேருந்துகளையும் வாங்கப் போகிறார்கள் என்பதால், அவற்றால் கூடுதல் சிக்கல் ஏதும் வருமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில்: வெண்கோல்

நான் முழுமையாகப் பார்வையற்றவன்; வேலைக்குச் சென்று வருவது பேருந்தில்தான். அந்த ஓரக்குறிப்பை எழுதியவர் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

வண்டிக்குள் ஒலிக்கும் அறிவிப்பு தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது இல்லாதபோதும் உள்ளே இருப்பவருக்குச் சில மாற்றுவழிகள் உண்டு. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம்; பழகிய தடம் என்றால் திருப்பங்களையும் பாலத்தின் ஏற்ற இறக்கத்தையும் உடலே கணக்கு வைத்துக்கொள்ளும். நிறுத்தத்தில் தனியாக நிற்பவருக்கு அப்படி எதுவும் கிடையாது. கனமான வண்டி ஒன்று வருகிறது என்பதை ஓசை சொல்லும். அது பேருந்தா சரக்குந்தா என்பதைக்கூடச் சில வேளைகளில் அது நின்ற பிறகே அறிய முடிகிறது. பார்வை உள்ளவர் தொலைவிலேயே ஒரு நோக்கில் முடித்துவிடும் வேலையை நாங்கள் வண்டி நிற்கும் அந்தச் சில வினாடிகளுக்குள் செய்தாக வேண்டும்: வந்தது பேருந்துதானா, நிற்கிறதா அல்லது வேகம் குறைத்துக் கடந்து போகிறதா, என் தட எண்தானா, கதவு எனக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, யாராவது இறங்கிக்கொண்டிருக்கிறார்களா. "இது எந்த எண்?" என்று குரல் கொடுத்தால் பதில் வரும். ஆனால் அந்தப் பதில் பாதி நேரம் தலையசைப்பாகவோ கைச்சைகையாகவோ இருக்கிறது. அல்லது கதவு மூடிய பிறகு வருகிறது.

இதற்குத் தொழில்நுட்பம்தான் தீர்வு என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட போக்குவரத்து விதிகள் இதை எளிதாகக் கையாள்கின்றன. ஒரே நிறுத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் நின்று செல்லுமானால், பார்வைக் குறைபாடு உடையவர் தமக்கான வண்டியை அடையாளம் காண்பதற்கோ, அவர் இன்ன தடத்துக்குக் காத்திருக்கிறார் என்பதை ஓட்டுநர் அறிந்துகொள்வதற்கோ ஏதேனும் ஒரு வழியைச் சேவை நடத்துபவர் ஏற்படுத்தித் தர வேண்டும். எந்த வழி என்பதைச் சட்டம் சொல்லவில்லை. பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது. உங்கள் அறிக்கையும் அங்கிருந்து தொடங்கினால், கருவிகளைப் பற்றிய விவாதம் தானாகவே ஒழுங்குக்கு வரும்.

அடுத்ததாக, செலவே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நெரிசல் நேரத்தில் இரண்டு மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். மூன்றாவது வண்டி நிறுத்தத்தின் தலைப்பகுதிக்கு வெகு தூரம் பின்னாலேயே கதவைத் திறந்து, ஓடி வந்தவர்களை ஏற்றிக்கொண்டு, முன்னால் நிற்கும் என்னைக் கடந்து நிற்காமல் போய்விடும். பின்வரிசையில் நின்று கதவைத் திறந்த எந்தப் பேருந்தும் தலைப்பகுதிக்கு வந்து மீண்டும் ஒருமுறை நிற்க வேண்டும் என்று பணிவிதி இருந்தால், எங்களுக்குக் கைநழுவும் பேருந்துகளில் பெரும்பங்கு கைக்கு வரும் என்பது என் துணிபு. எத்தனை நுட்பமான கருவியைக் கொடுத்தாலும் வண்டி எங்கே நிற்கும் என்பது உறுதியாகாதவரை அது பாதிப் பயனையே தரும்.

நிறுத்தத்தைக் கண்டுபிடிப்பதே தனிப் பாடு. செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் செயலிகள் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும்; உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் பிசகு இன்னும் கூடும். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று செயலி அறிவிக்கும்போது நான் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். பார்வை உள்ளவருக்கு அந்தக் கடைசிப் பத்து மீட்டர் ஒரு பொருட்டே அல்ல. எங்களுக்கோ பயணம் முறியும் இடம் அதுதான். அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி, பாஸ்டன் நகரப் பேருந்து நிறுத்தங்களுக்காக 2016இல் பிளைண்ட்வேஸ் என்ற செயலியை வெளியிட்டபோது கையாண்ட வழி எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அருகில் கைத்தடியால் தொட்டு அறியத்தக்க அடையாளங்களை, அதாவது கம்பம் எப்படிப்பட்டது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பன போன்ற குறிப்புகளை, மக்களிடமிருந்தே திரட்டிச் சொற்களாகக் கொடுத்தார்கள். உங்கள் நகரின் எல்லா நிறுத்தங்களிலும் கம்பத்தின் குறுக்குவெட்டு வடிவம் ஒரே மாதிரியாகவும், விளக்குக் கம்பத்திலிருந்து வேறுபட்டும் இருந்தால் அதுவே பெரிய உதவி.

வண்டிக்குள் ஒலிக்கும் அறிவிப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஏறியவுடன் தட எண்ணும் செல்லுமிடமும் கேட்க வேண்டும், முந்தைய நிறுத்தத்தை விட்டுக் கிளம்பியதும் ஒருமுறையும், அடுத்ததை நெருங்கும்போது மறுமுறையும் பெயர் ஒலிக்க வேண்டும். பிரிட்டனில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள் தடம், திசை, வரவிருக்கும் நிறுத்தங்கள் ஆகியவற்றோடு பாதை மாற்றத்தையும் ஒலியாகவும் எழுத்தாகவும் அறிவிக்க வேண்டும் என்கின்றன. 2026 அக்டோபருக்குள் ஏறத்தாழ எல்லா உள்ளூர்ப் பேருந்துகளும் அதற்கு உட்பட வேண்டும். பாதை மாற்றத்தைச் சேர்த்திருப்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றபடி, இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே விளம்பரம் ஒலிபரப்புவதை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். விளம்பரம் வந்தால் பயணிகளுக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் ஒலி குறைக்கப்படும். அதோடு அறிவிப்பும் போய்விடும்.

பதில்: பலகைச்சுற்று

வாகன மின்னணுவியல் என் துறை. வெண்கோல் அவர்கள் எழுதியதைக் கருவிகளின் பக்கத்திலிருந்து தொடர்கிறேன்.

வெளியே இருப்பவருக்குத் தட எண்ணைத் தெரிவிக்க நடைமுறையில் உள்ள வழிகளை இரண்டாகப் பிரிக்கலாம். கதவு திறக்கும்போதெல்லாம் வெளி ஒலிபெருக்கி தானாகப் பேசுவது முதல் வழி. பொருத்துவது எளிது, பயணி எதையும் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை, முதன்முறையாக அந்த நகரத்துக்கு வந்தவருக்கும் பயன்படும். சிக்கல் பிறகுதான் தொடங்குகிறது. இரவில் நிறுத்தத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் முறையிடுவார்கள். நிர்வாகம் ஒலியளவைக் குறைக்கும். பகல் நேர இரைச்சலில் அந்த அளவு எவருக்கும் கேட்காது. சுற்றுப்புற இரைச்சலை அளந்து ஒலியைத் தானாக ஏற்றி இறக்கும் பெருக்கியை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்கினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஒலிபெருக்கியின் முகம் கீழ்நோக்கிக் கதவருகே நிற்பவரை நோக்கி இருப்பதும், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒலி குறைக்கும் திருகு இல்லாமல் இருப்பதும் சிறிய செய்திகள்போலத் தோன்றினாலும் அமைப்பு பிழைப்பதும் படுப்பதும் அவற்றைப் பொறுத்தே அமைகிறது.

கேட்கும்போது மட்டும் பேசுவது இரண்டாவது வழி. செக் குடியரசில் பார்வையற்றோர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கையடக்க வானொலி அலைபரப்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் அருகில் உள்ள பேருந்து அல்லது டிராம் வண்டியின் வெளி ஒலிபெருக்கி தட எண்ணையும் திசையையும் சொல்லும். வேறொரு பொத்தானை அழுத்தினால் பார்வையற்ற ஒருவர் ஏற விரும்புகிறார் என்ற செய்தி ஓட்டுநருக்குப் போய்ச் சேரும். கட்டட வாயில்களில் பொருத்தப்பட்ட ஒலி அடையாளங்களையும் அதே கருவி இயக்குகிறது. வெண்கோல் அவர்கள் சுட்டிய அமெரிக்க விதி கேட்கும் இரண்டையும், அதாவது வண்டியைப் பயணி அறிவதையும் பயணியை ஓட்டுநர் அறிவதையும், ஒரே கருவி நிறைவேற்றுகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது பாதியைப் பல வடிவமைப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

டெல்லி ஐஐடியில் உருவான ஆன்போர்டு என்ற அமைப்பு சற்று வேறு வகையில் இயங்குகிறது. பயணி வினாப் பொத்தானை அழுத்தியதும் அருகில் உள்ள பேருந்துகள் தங்கள் தட எண்களை வானொலி அலைவழியே அனுப்பும். அவற்றைக் கைக்கருவி ஒவ்வொன்றாக வாசிக்கும். வேண்டிய எண்ணைக் கேட்டவுடன் தேர்வுப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பேருந்தின் கதவருகே உள்ள ஒலிபெருக்கி மட்டும் எண்ணைச் சொல்லும். அந்த ஒலியே கதவு இருக்கும் திசையைக் காட்டும் குரலாகவும் ஆகிவிடுகிறது. ஒரே நேரத்தில் நான்கு வண்டிகள் வந்து நிற்கும் நிறுத்தங்களுக்கு இந்த முறை பொருத்தமானது. நான்கும் சேர்ந்து பேசினால் யாருக்கும் எதுவும் புரியாது.

தனிக்கருவியா திறன்பேசியா என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு கையில் கைத்தடி இருக்கிறது. மறுகை கம்பியைப் பிடிக்க வேண்டும். தொடுதிரையை வருடித் தேட மூன்றாவது கை இல்லை. சட்டைப்பைக்குள்ளேயே விரலால் அறிந்து அழுத்தத்தக்க இரண்டு பொத்தான் கருவி அந்த நேரத்தில் எந்தச் செயலியையும் வெல்லும். ஆனால் கருவியை யார் வழங்குவது, தொலைந்தால் யார் மாற்றித் தருவது, வெளியூரிலிருந்து வருபவர் என்ன செய்வது என்ற கேள்விகள் அதைத் தொடர்ந்து வரும். ஆகவே பேருந்தில் பொருத்தும் பெறுவி தனிக்கருவியின் அழைப்பையும் திறன்பேசியின் புளூடூத் அழைப்பையும் ஒருங்கே ஏற்கும்படி கேட்டு வாங்குவதே விவேகம். இவற்றுக்கெல்லாம் அடித்தளமாகக் கதவு திறக்கும்போது தானாக ஒலிக்கும் மெல்லிய அறிவிப்பு எப்போதும் இருக்கட்டும்.

செயலியை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பேருந்தின் இருப்பிடம் 20 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த இடைவெளிக்குள் ஏறக்குறைய 165 மீட்டர் நகர்ந்துவிடும். "ஒரு நிமிடத்தில் வரும்" என்பது காத்திருப்பதற்குப் போதுமான தகவல். "இதோ, உன் முன்னால் நிற்பது இதுதான்" என்று சொல்ல அந்தத் தரவுக்கு வலுவில்லை.

வண்டிக்குள் ஒலிக்கும் அறிவிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. கதவு திறந்து மூடும் எண்ணிக்கையை வைத்து வரிசையாகப் பெயர் சொல்லும் மலிவான அமைப்புகள், ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போனாலோ சிக்னலில் கதவைத் திறந்தாலோ ஒரு நிறுத்தம் பிசகிவிடும். அதன்பின் கடைசிவரை தவறான பெயரையே தன்னம்பிக்கையோடு சொல்லிக்கொண்டு போகும். அமைதியைவிட இது தீங்கானது. இருப்பிடத்தை அளந்து இயங்கும் அமைப்பையே வாங்குங்கள். வண்டி தடத்தை விட்டு விலகினால் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டுப் பாதை மாறியிருப்பதை அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். நிறுத்தத்தின் பெயர்கள் சுருக்கெழுத்தோடு பதிவாகியிருந்தால் எந்திரக் குரல் அவற்றைக் கண்டபடி படிக்கும். பொதுப் போக்குவரத்துத் தரவுக்கு உலகெங்கும் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில், உச்சரிப்புக்கு ஏற்றவாறு பெயரை விரித்து எழுதுவதற்கென்றே ஒரு தனிப் புலம் உண்டு. அதைப் பெரும்பாலானோர் வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள்.

மின்சாரப் பேருந்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 138ஆம் ஒழுங்குவிதி, ஓசையற்ற வாகனங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்கிறது. பேருந்துகளும் அதில் அடங்கும். மணிக்கு 10 கிலோமீட்டரில் குறைந்தது 50 டெசிபல், 20 கிலோமீட்டரில் குறைந்தது 56 டெசிபல். ஆனால் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ஒலி எழுப்ப வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதியில் இல்லை. டீசல் வண்டி நின்றால் எந்திரம் உறுமுவதைக் கேட்டு, "ஏதோ ஒன்று நிற்கிறது, போய்க் கேட்போம்" என்றாவது பயணி நகர்வார். நின்றுவிட்ட மின்சாரப் பேருந்து அவரைப் பொறுத்தவரை அங்கே இல்லவே இல்லை. ஆகவே மின்சார வண்டிகளுக்கு வெளி அறிவிப்பைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமில்லை.

தொடர்வினா: தடவரைவாளர்

இருவருக்கும் நன்றி. மீண்டும் தலைப்பகுதியில் நிற்க வேண்டும் என்ற விதியையும், ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் பெருக்கியையும் வரைவில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. இதுவரை நாம் பேசியவை பெரும்பாலும் முழுப் பார்வையின்மை பற்றியவை; குறைபார்வை உடையோருக்கு என்ன தேவை? மேலும், கட்டுமானப் பிரிவினர் எல்லா நிறுத்தங்களிலும் தொட்டுணர் ஓடுகள், அதாவது காலாலும் கைத்தடியாலும் உணரத்தக்க தரை ஓடுகள், பதிப்பதாகவும், முதன்மைச் சாலைகளில் நடைபாதைக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே மிதிவண்டிப் பாதை அமைப்பதாகவும் சொல்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: மங்கலொளி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம்; எனக்கு ஓரளவு பார்வை உண்டு. 2020ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டில் முழுப் பார்வையின்மை உடையோர் ஏறத்தாழ 4.3 கோடி, நடுத்தர அல்லது கடுமையான பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 29.5 கோடி. அதாவது உங்கள் திட்டம் யாருக்காகவோ அவர்களில் பெரும்பாலோர் கண்ணையும் பயன்படுத்திக்கொண்டே பயணம் செய்பவர்கள். எங்களில் பலர் கைத்தடி வைத்திருப்பதில்லை என்பதால் ஓட்டுநருக்கும் எங்களை அடையாளம் தெரிவதில்லை. பேருந்தின் தட எண் பலகைக்கு மிக அருகில் போய் நின்று எண்ணைக் கேட்டால், "எழுதித்தானே இருக்கிறது" என்ற பதில் கிடைக்கும்.

முன்பலகையின் எழுத்தளவைப் பற்றிப் பொத்தாம் பொதுவாக எழுதிவிடாமல் எண்ணாகவே குறிப்பிடுங்கள். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுப் பொதுப் பேருந்து அணுகல் விதிகள், முன்புறத் தட எண் குறைந்தது 200 மில்லிமீட்டர் உயரமும், செல்லுமிடத்தின் பெயர் முன்புறம் குறைந்தது 125 மில்லிமீட்டரும் பக்கவாட்டில் 70 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும் என்று வரையறுக்கின்றன. பக்கவாட்டுப் பலகை கதவுக்கு அருகில் இருந்தால் நின்ற வண்டியிலும் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணும் ஊரும் வாழ்த்துச் செய்தியும் மாறி மாறி ஓடும் பலகைகள் எங்களுக்குப் பெரும் தொல்லை. கண்ணைக் குவித்து எண்ணைப் பிடிக்கும் நொடியில் அது நகர்ந்துவிடும். தட எண் அசையாமல் நிற்கட்டும், மற்றவை ஓடினாலும் பரவாயில்லை. எங்களில் பலர் திறன்பேசிக் கேமராவால் பலகையைப் பெரிதாக்கிப் படிக்கிறோம். மின்னும் வேகம் குறைவான எல்இடி பலகைகள் கேமராவில் பட்டை பட்டையாக, துண்டு எழுத்துகளாகவே தெரியும். வாங்குவதற்கு முன் ஒரு திறன்பேசியால் படம் பிடித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

படிகளின் விளிம்பில் வண்ணப் பட்டை, தளத்தின் நிறத்திலிருந்து தெளிவாக வேறுபடும் கைப்பிடிகள் ஆகியவை எல்லோரும் அறிந்தவையே. அதே பிரிட்டிஷ் விதிகள் கைப்பிடியின் விட்டம் 30 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும் என்கின்றன. நிழற்குடையின் கண்ணாடிச் சுவர்களில் கண்மட்டத்தில் பட்டை ஒட்டாவிட்டால் அவற்றில் மோதிக்கொள்பவர்களில் நான் முதல் ஆளாக இருப்பேன். கால அட்டவணையை மூக்கு படும் அளவுக்கு நெருங்கிப் படிக்கத்தக்க உயரத்தில், இருக்கைக்குப் பின்னால் மறைந்துவிடாத இடத்தில் வையுங்கள்.

ஸ்பெயினில் உருவாகி பார்சிலோனாவின் பேருந்து நிறுத்தங்களில் இடம்பெற்றுள்ள நேவிலென்ஸ் வண்ணக் குறியீடுகளையும் பரிசீலிக்கலாம். வழக்கமான கியூஆர் குறியீட்டைப்போல் கேமராவைச் சரியாக நீட்டிக் குறிவைக்க வேண்டியதில்லை. தொலைவிலிருந்தே செயலி அதைப் பிடித்து, எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் நிறுத்தம் இருக்கிறது என்று சொல்லும். முன்பு பேசப்பட்ட கடைசிப் பத்து மீட்டருக்கு இது உண்மையாகவே உதவும்; ஆனால் திறன்பேசி இல்லாதவருக்கு அது வெறும் வண்ணத் தாள்தான்.

பதில்: நடைப்பயிற்றுநர்

பார்வையற்றோருக்குத் திசையறிதலும் நடமாட்டமும் கற்பிப்பது என் தொழில். தரையைப் பற்றி எழுதுகிறேன்.

தொட்டுணர் ஓடுகளை ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கினார். 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்கு அருகே அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீள்வரி ஓடு "இவ்வழியே செல்" என்று வழிகாட்டும். புள்ளி ஓடு "இங்கே நில், கவனி" என்று எச்சரிக்கும். ஐஎஸ்ஓ 23599 என்ற பன்னாட்டுத் தரம் இவற்றின் அளவுகளை வரையறுக்கிறது. தரம் இருந்தும் நடைமுறையில் காணும் பிழைகள் ஏராளம்: நீள்வரி ஓடு நேராகக் கம்பத்தில் போய் முட்டும், புள்ளி ஓடுகள் அழகுக்காக நிழற்குடை முழுவதும் பரப்பப்பட்டிருக்கும், வரி நிழற்குடையின் நடுவே போய் முடியும், பேருந்தின் கதவோ அதற்கு எட்டு மீட்டர் முன்னால் திறக்கும். "எல்லா நிறுத்தங்களிலும் பதிக்கிறோம்" என்பதைவிட, பதித்த வரி முடியும் இடமும் முன்கதவு திறக்கும் இடமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே உங்கள் கட்டுமானப் பிரிவினரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. வெண்கோல் அவர்கள் சொன்ன, வண்டி எங்கே நிற்கும் என்ற உறுதி இங்கேயும் வந்து நிற்கிறது.

அந்த உறுதியை ஓட்டுநரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், நடைபாதையின் ஓரத்தில் பதிக்கும் விளிம்புக்கல்லின் வடிவத்தாலும் உண்டாக்கலாம். ஜெர்மனியின் காசல் நகரில் உருவாகி அந்நகரின் பெயராலேயே அழைக்கப்படும் விளிம்புக்கல், உட்புறம் வளைந்த முகத்தால் சக்கரத்தை வழிநடத்தி, வண்டியை நடைபாதையை ஒட்டி இணையாக நிறுத்த உதவுகிறது. சக்கர நாற்காலிப் பயணிகளுக்காகத்தான் இதைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். பார்வையற்றோருக்கு இதனால் கிடைக்கும் நன்மை வேறு: இடைவெளி சிறிதாக இருப்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதே அவர்களின் காலுக்குத் தேவை.

மிதிவண்டிப் பாதையைப் பொறுத்தவரை நான் கடுமையாகவே பேசுவேன். நடைபாதைக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே அது ஓடினால், பேருந்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பார்வையற்றவர் ஓசையே எழுப்பாத ஒரு வாகன ஓட்டத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். பிரிட்டனின் பார்வையற்றோர் அமைப்புகள் இத்தகைய நிறுத்தங்களை வெளிப்படையாக எதிர்த்து வருகின்றன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கும் பயணி நேரே மிதிவண்டிப் பாதையிலேயே கால்வைக்கும் வகை எக்காரணம் கொண்டும் வேண்டாம். இடையே தனித் தீவாக நடைமேடை அமைப்பதைத் தவிர்க்கவே முடியாது என்றால், கடக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அது நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தப்பட்டு மிதிவண்டியின் வேகத்தை இயல்பாகக் குறைக்கட்டும். இருபுறமும் புள்ளி ஓடுகளும், அங்கே கொண்டுசேர்க்கும் நீள்வரியும் இருக்கட்டும். மிதிவண்டிக்காரர் நின்று வழிவிடுவார் என்ற நம்பிக்கையை அளவுகோலாகக் கொண்டு எதையும் வரையாதீர்கள்.

ஓட்டுநர் பயிற்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. புதிதாகக் கண்ணைக் கட்டிக்கொண்டவர் முதல் சில நிமிடங்களின் அச்சத்தை மட்டுமே கற்றுக்கொள்கிறார்; பழகிய பார்வையற்றவரின் திறமையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை; முடிவில் அவரிடம் எஞ்சுவது இரக்கம்தான். அதற்கு மாறாகப் பார்வையற்ற பயிற்றுநர் ஒருவர் வண்டியிலேயே வந்து நான்கு பழக்கங்களைக் கற்றுத் தரட்டும்: கைத்தடியோடு ஒருவர் நிற்பதைக் கண்டால் கேட்பதற்கு முன்பே தட எண்ணையும் செல்லுமிடத்தையும் வாயால் சொல்வது, கேள்விக்குத் தலையசைக்காமல் சொல்லால் பதில் தருவது, கேட்காமல் கையைப் பிடித்து இழுக்காமல் இருப்பது, அவர் அமர்ந்துவிட்டார் அல்லது கம்பியைப் பற்றிக்கொண்டார் என்று தெரிந்த பிறகே வண்டியை நகர்த்துவது.

சோதனைக்கு ஆட்களை அழைக்கும்போது அவர்களுக்குப் பழக்கமான தடத்தைக் கொடுக்காதீர்கள். பழகிய தடத்தில் அவர்கள் உங்கள் வடிவமைப்பின் உதவி இல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நீங்களோ அமைப்பு நன்றாக இயங்குகிறது என்று எழுதிவிடுவீர்கள். அறியாத தடம், நெரிசல் நேரம், முடிந்தால் மழை. எத்தனை சரியான பேருந்துகள் வந்து போன பிறகு ஏறினார்கள், எத்தனை முறை பிறரைக் கேட்க நேர்ந்தது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டால் போதும். மனநிறைவை மதிப்பெண்ணாகக் கேட்கும் படிவங்களில் மரியாதைக்காக எல்லோரும் நல்ல பதிலையே தருவார்கள்.

பதில்: வெண்கோல்

நடைப்பயிற்றுநர் அவர்கள் சோதனையைப் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தொடக்க விழாவின்போது எல்லாக் கருவிகளும் பேசும். ஓராண்டு கழித்துப் பாதி வண்டிகளில் குரல் இருக்காது. அதைப் பழுது என்று யாரும் பதிவுகூடச் செய்திருக்க மாட்டார்கள். கதவு மூடாத பேருந்தையோ முகப்பு விளக்கு எரியாத பேருந்தையோ காலையில் பணிமனையிலிருந்து வெளியே விடமாட்டார்கள் அல்லவா? ஒலி அறிவிப்பு இயங்காத பேருந்தை விடலாமா கூடாதா, விடலாம் என்றால் எத்தனை நாளைக்கு, அதுவரை அந்தந்த நிறுத்தங்களின் பெயரை யார் வாயால் சொல்வது என்பதற்கு உங்கள் வரைவில் ஏதாவது வரி இருக்கிறதா, தடவரைவாளர் அவர்களே?